வெடித்த பட்டையின் மேல் பூசிய சிமெண்டு

அண்ணே,

ஈரச் சிமெண்டு வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. நீங்கள் போனபின் உங்கள் வேலையும் எனக்கு வந்துவிட்டதால், நேற்று மலைச்சாலைக்கு மேலே இருக்கும் தடுப்புச் சுவர்வரை ஏறினேன். விரிசலின் குறுக்கே நீங்கள் பூசியிருந்த சிமெண்டுப் பட்டையைப் புதுப்பிக்கலாம் என்று கொத்தினேன். உள்ளே இன்னொரு பட்டை, வெடித்தது. அதற்கும் உள்ளே இன்னொன்று. அதுவும் வெடித்தது.

மலை நகர்ந்தால் பட்டை வெடிக்கும், வெடித்தால் சாலையை மூடச் சொல்ல வேண்டும். நம் வேலையே அதுதானே? யாரிடமும் சொல்லாமல் மேலே மேலே பூசி மறைத்திருக்கிறீர்கள்.

என்னை ஒரு நாளும் நீங்கள் ஏற விட்டதில்லை. "மேல அட்டை கடிக்கும் தங்கச்சி, நீ கீழ மழை மீட்டரப் பாரு, நான் போறேன்லா" என்பீர்கள். இறங்கி வந்து எனக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் தே தாரேக் டீ வாங்குவீர்கள். பட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கல்லு மாதிரி இருக்குலா." இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பார் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். நல்ல ஆளைப் பிடித்தேன் போங்கள்.

ஏன் செய்தீர்கள் என்றுகூடப் புரிகிறது. "ரோட்ட மூடினா தீவே நம்மளத் திட்டும்" என்பீர்கள். ஒருமுறை மூடியதற்கு மேலதிகாரி போட்ட சத்தத்தில் உங்களுக்குச் சோறே இறங்கவில்லை. பயந்துவிட்டீர்கள். அதை மன்னித்துவிடுவேன்.

ஆனால் உங்கள் கருமாதி அன்று அண்ணி அடுப்படியில் அழுதுகொண்டே சொன்னார்: "மழை பேஞ்சா எங்கள அந்த ரோட்டுல போகவே விடமாட்டாரும்மா. லேட்டானாலும் பரவால்ல, கடலோரமா சுத்திப் போங்கன்னு சொல்வாரு." குடும்பத்தின் மேல் எவ்வளவு பாசம் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

நேற்று அந்தச் சுவரடியில் நின்றபோதுதான் அது உறைத்தது. தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு என் மகளை அந்த வழியாகத்தான் கூட்டிப்போவேன். உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அடைமழையில், போகலாமா என்று போன் போட்டே கேட்டேன். "தாராளமா போ தங்கச்சி" என்றீர்கள். பின்சீட்டிலிருந்து அவள் "தேங்க்யூ மாமா" என்று கத்தினாள். கேட்டதுதானே உங்களுக்கு?

நேற்றே சாலையை மூட வைத்துவிட்டேன். தீவே திட்டுகிறது, திட்டட்டும்.

இன்று காலையும் மழை. காரைக் கடலோரமாகத் திருப்பினேன்.

"ஏம்மா சுத்திப் போறோம்?" என்றாள்.

"மழைன்னா மாமா வீட்டுல எல்லாரும் இப்படித்தான் போவாங்க" என்றேன்.