பதினான்காம் பாகத்திலிருந்து நீக்கப்பட்ட சத்தம்

அனுப்புநர்:
க்ளெனிஸ் ஆர்மிட்டேஜ்,
17, பீக்கன் தெரு,
ஹாலிஃபாக்ஸ், யார்க்‌ஷயர்.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
ஒலி-ஒளி ஆவணக் காப்பகம்,
கால்டர்வேல் தொலைக்காட்சி நிறுவனம், லீட்ஸ்.

பொருள்: ‘விண்துறைமுகம் நாற்பது’ தொடரின் ஒன்பது பாகங்களிலிருந்து “வீட்டு இரைச்சல்” என்று நீக்கப்பட்ட ஒலிப் பகுதிகளை, இம்மாதம் முப்பதாம் தேதி அழித்துவிடாமல் என்னிடம் ஒப்படைக்கக் கோருதல்.

பார்வை: 1. நான் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம், 6.2.2019.
2. தங்கள் அலுவலகக் கடிதம், 1.11.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது அறுபத்தொன்று. பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். தங்கள் நிறுவனம் 1969–70இல் ஒளிபரப்பிய ‘விண்துறைமுகம் நாற்பது’ என்னும் இருபத்தாறு பாக விண்வெளித் தொடரின் ரசிகர் மன்றத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக உறுப்பினர். அதன் காலாண்டிதழுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியர். பொழுது போகாத கிழவி எழுதிய கடிதம் என்று இதையும் ஓரமாகப் போட்டுவிட வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. அத்தொடரின் பதினொன்று முதல் பத்தொன்பது வரையிலான பாகங்களைத் தங்கள் நிறுவனம் 1974இல் அழித்து, அதே நாடாக்களில் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் போட்டிகளைப் பதிவு செய்தது. அக்காலத்தில் எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் செய்தன என்கிறது தங்கள் கடிதம். இருக்கலாம். இன்றைக்கு வரும் விண்வெளித் தொடர்களையும் நான் விடாமல் பார்க்கிறேன், ஐயா. ஒரு கோளையே தத்ரூபமாக வெடிக்க வைக்கிறார்கள். வெடித்த பிறகு பேசுவதற்கு எவரிடமும் உருப்படியாக ஒரு வாக்கியம் இல்லை. எங்கள் தொடரில் சுவர் ஆடும். தளபதி ஹாலம் வசனத்தை மறந்து மேசையைப் பார்ப்பார். ஆனால் தளபதி சொல்வதை நம்பலாமா கூடாதா என்று வாரம் முழுக்க நாங்கள் அடித்துக்கொண்டோம். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் டார்ட்ஸுக்காக அழித்தீர்கள். நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

3. அந்த ஒன்பது பாகங்களின் படம் உலகில் எங்கும் இல்லை. ஒலி மட்டும் என்னிடம் இருந்தது. பன்னிரண்டு வயதில், அப்பாவின் டேப் ரெக்கார்டர் மைக்கை டிவிக்கு முன்னால் இரண்டு தலையணைமேல் வைத்து, சனிக்கிழமை மாலைகளில் நான் பதிவு செய்தது. என்னைப் போன்ற பைத்தியங்கள் இந்நாட்டில் அப்போது நிறையப் பேர். அந்த இருபத்தைந்து நிமிடமும் வீட்டில் யாரும் பேசக் கூடாது, பிஸ்கட்கூடக் கடிக்கக் கூடாது என்பது என் சட்டம்.

4. அச்சட்டத்தை மதிக்காதவன் என் அண்ணன் கீத். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. பதினான்காம் பாகத்தில் விண்கலத்தின் வெளிக்கதவு மூடும் இடத்தில் நாடாவில் பதிவாகியிருந்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். அவன்: “அடியேய், அது குப்பைத் தொட்டி மூடி! வெள்ளி பெயின்ட் அடிச்சு ஏமாத்துறானுங்க!” நான்: “சும்மா இருடா கீத், பதிவாகுது!” அவன்: “ஆகட்டுமே. கேக்கறவனுக்கும் உண்மை தெரியட்டும்.” அடுப்படியிலிருந்து அம்மா: “பீன்ஸ் ஆறிப்போகுது, ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டது போதும், வந்து தின்னுங்க!” 1973 மார்ச்சில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கீத் இறந்துபோனான். அவனுடைய புகைப்படங்கள் நான்கு உள்ளன. குரல் அந்த நாடாக்களைத் தவிர வேறெங்கும் பதிவானதில்லை.

5. தாங்கள் தொலைத்ததை மீட்டுத் தரும் பெருமையில், நாடாக்களைச் சென்ற பிப்ரவரியில் தங்கள் காப்பகத்துக்கு நானே நேரில் கொண்டுவந்து கொடுத்தேன். படிவத்தின் ஏழாவது கேள்வி: வீட்டு இரைச்சல்களை நீக்கச் சம்மதமா? சம்மதம் என்று குறியிட்டவள் நான்தான். இதை மறைக்கவில்லை. எங்கள் மன்றத்தில் சுத்தமான ஒலி என்றால் சாமி மாதிரி. நாய் குரைக்கும் நாடாவைக் கொண்டுவந்த ஒரு பாவப்பட்ட மனிதரை இதழில் கேலி செய்து ஒரு பக்கம் எழுதியவள் நான். இற்றுப்போகும் என்ற பயத்தில் அந்த நாடாக்களை இருபது ஆண்டுகளாக நான் ஓட்டவும் இல்லை. கையெழுத்துப் போட்டபோது என் மனதில் பதினான்காம் பாகம்தான் இருந்தது. கீத் இல்லை.

6. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி லீட்ஸில் நடந்த ரசிகர் மாநாட்டில் பதினான்காம் பாகத்தின் ஒலியைத் தங்கள் நிறுவனம் வெளியிட்டது. முந்நூறு பேர். முன்வரிசையில் எனக்கு நாற்காலி. கதவு மூடும் சத்தம் கண்ணாடிபோல் துல்லியமாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரங்கமே எழுந்து நின்று எனக்காகக் கைதட்டியபோது நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படம் போட்டார்கள்.

7. மறுநாளே தொலைபேசியில் கேட்டேன். மூல நாடாக்கள் பிரதி எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டன என்று சொல்லி, தங்கள் அலுவலகப் பெண்மணி சேர்த்துச் சொன்னது: “மேடம், நீங்க சம்மதிச்சுத்தானே கையெழுத்து போட்டீங்க? அது வெறும் வீட்டுச் சத்தம்.” அவர்மேல் குற்றமில்லை. ஆனால் தங்கள் ஒலிப் பொறியாளர் ஒருவர் (வேலைக்கு உலை வைக்க விரும்பாததால் பெயர் எழுதவில்லை) தானாகவே என்னை அழைத்தார். “அம்மா, எடுத்தது எங்கேயும் போயிடல. தனிக் கோப்புல இருக்கு. அந்தப் பையன் பேசறதைக் கேட்டு வேலை நேரத்துல நானே சிரிச்சிருக்கேன். அடுத்த மாசக் கடைசியில அழிச்சிடுவாங்க, சட்டுனு எழுதிப் போடுங்க” என்றார். எழுதினேன். “ஒளிபரப்பு மதிப்பற்றவை; விதிப்படி 30.11.2019 அன்று அழிக்கப்படும், வெளியாருக்கு வழங்க இயலாது” என்று பதில் வந்தது. அழிப்பது தங்கள் நிறுவனத்துக்குக் கைவந்த கலை என்பது தெரியும். ஒரே தொடரை இரண்டு முறை அழிக்க முடியும் என்பதை இப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

8. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடரின் வில்லன் ட்ராஸ்கன் இருபத்தாறு வாரத்தில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, பொய்யெல்லாம் தளபதி ஹாலத்துடையதே என்று 1986இல் நான் எழுதிய கட்டுரைக்குத்தான் மன்றத்தின் பரிசு கிடைத்தது. இதழாசிரியர் பொறுப்பும் அதனால் வந்ததே. மாநாட்டில் என்னை அறிமுகப்படுத்தியவரும் அதைச் சொல்லித்தான் மேடைக்கு அழைத்தார். அது என் கருத்து அல்ல, ஐயா. அதே பதினான்காம் பாகத்தில், தளபதி அகதிகளுக்கு வாக்குக் கொடுக்கும்போது கீத் சொன்னது: “கவனிச்சியா? வில்லன்னு சொல்றாங்களே, அவன் ஒருத்தன்தான் இதுவரைக்கும் பொய் சொல்லல. இந்தத் தளபதி வாயைத் திறந்தாலே புளுகு.” நான் “ஷ்ஷ்” என்றேன். பதினாறு ஆண்டுகள் கழித்து என் பெயர் போட்டு அச்சேற்றினேன். அந்தக் கோப்பு அழிந்தால் என் பெயர் கெடாது, எனக்கு லாபம்தான். இருந்தும் கேட்கிறேன். அது கையில் கிடைத்தால், அவன் பெயரைப் போட்டு அடுத்த இதழில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

9. ஆகவே, முப்பதாம் தேதிக்கான அழிப்பு ஆணையை நிறுத்தி, நீக்கிய ஒலிக் கோப்பின் பிரதியை எனக்கு வழங்க உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தொடரின் மீது எனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று எழுதித் தரத் தயார். ஒன்பது பாகங்களும் தங்களிடமே இருக்கட்டும். தங்கள் ஊழியர்கள் இரைச்சல் என்று பெயரிட்டது மட்டும் எனக்குப் போதும். அதில் அவனை ஒவ்வொரு முறையும் அடக்கும் ஒரு சிறுமியின் குரலும் இருக்கும். தயவுசெய்து அதையும் நீக்காமல் தாருங்கள்.

இடம்: ஹாலிஃபாக்ஸ்
நாள்: 11.11.2019

இப்படிக்கு,
கீத் ஆர்மிட்டேஜின் தங்கை,
(ஒப்பம்) க்ளெனிஸ் ஆர்மிட்டேஜ்