பின்சீட்டுக் கதவு

என் அன்புக்குரியவருக்கு,

பழைய போலீஸ் கார் வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தேன். உங்கள் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. நேற்று டோலிடோ நகரில் போலீஸ் நடத்திய ஏலத்தில் வாங்கிவிட்டேன். நம் வண்டி படுத்துவிட்டதால் போன மாதம் உங்களைப் பார்க்க வர முடியாமல் தவித்தது போதும்.

மெக்கானிக் வெண்டல் இன்ஜினைப் பார்த்தார். "ஓடுனதவிட நின்ன இடத்துல உறுமினதுதான் அதிகம். ஆனா தாங்கும், தங்கச்சி" என்றார்.

நம் மகள் கெண்ட்ரா பின்சீட்டில் ஏறினாள். கைதிகளை ஏற்றும் சீட் என்பதால் கதவை உள்ளிருந்து திறக்க முடியவில்லை. அவள் கத்தவில்லை, கண்ணாடி வழியே என்னையே பார்த்தாள். ஓடிப்போய்த் திறந்தேன்.

"அன்னிக்கு அப்பாவும் இப்படித்தான் உக்காந்திருந்தாரு, இல்லம்மா?"

நான் வெண்டலிடம், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டேன்.

இன்று அவர் கதவுகளை உள்ளிருந்தும் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் வாசலில் அது நிற்பதை ஜன்னலில் பார்க்கும்போதெல்லாம், மறுபடி போலீஸ் வந்துவிட்டதென்று கெண்ட்ராவைத் தேடி ஓடுகிறேன். வேறு நிறம் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை வருகிறோம். கெண்ட்ரா முன்னால் உட்கார மாட்டாளாம்.

"அது அப்பா சீட்டு. அவரு வெளிய வர்றதுக்குள்ள நான் பின்னாடி பழகிக்கிறேன்" என்கிறாள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
மனைவி