பாதி மாத்திரை

சம்பந்தி,

இன்று காலை உன் மகன் வாங்கி வந்த அன்னாசிப் பழம் உள்ளே அழுகியிருந்தது. அரிவாள்மனையில் வைத்ததும் அந்த வாடை எழுந்தது. பழத்தைச் சுவரில் ஓங்கி அடித்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன் நம் பேத்தியின் வாயில் அடித்த வாடை அது. அவளுக்கு எட்டு வயது. சக்கரை என்று ஊசி ஆரம்பித்து மூன்று மாதம்தான். லீவுக்குப் பொதட்டூர்பேட்டையில் உன்னிடம் விட்டோம். மருந்தும் ஊசியும் டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கால்வாயில் கொட்டினாய். "எனக்கும் சக்கரதான். நான் இன்னா குத்திக்கினா கீறேன்? பாதி ஆளுக்குப் பாதி மாத்தர" என்று உன் மாத்திரையை உடைத்துக் கொடுத்தாய்.

மூன்றாம் நாள் நான் வந்தபோது பிள்ளை வாந்தியில் கிடந்தாள். மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல் இரைத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினேன். நீ என் மணிக்கட்டைக் கடித்தாய். ரத்தம் சொட்டியும் நான் விடவில்லை.

"கொன்னுட்டியேடி பாவி!"

"எம் புள்ள பெத்த புள்ளடி! நானாடி கொல்லுவேன்?"

நர்ஸம்மா நம்மைப் பிய்த்தெடுத்து உன்னைப் பார்த்துக் கத்தினாள். "யம்மா, உனக்கு வயித்துல சக்கரய அடக்குற மோட்டார் ஓடுது, பைப்புதான் அடைச்சிக்கினு கீது. அதுக்கு மாத்தர. கொழந்தைக்கு மோட்டாரே எரிஞ்சி போச்சி. வெளியேந்துதான் தண்ணி ஊத்தணும். அதான் ஊசி. பேருதான் ஒண்ணு, நோவு வேற!"

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தவள் முதலில் தேடியது உன்னைத்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு உன் மோட்டாரும் ஓய்ந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை, ஊசி என்றார்கள். நீ யாரையும் கிட்டே விடவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முகத்தில் வீசினாய். பேத்திதான் உன் வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்தினாள்.

"எறும்பு கடிச்சாப்புல கீது. இத்தயா கண்ணு, ஆயா தூக்கிக் கொட்டிட்டேன்?" என்று அவளிடம் கேட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்தாய்.

இப்போது அவள் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்குப் போகிறாள். சாப்பிடும் முன் ஊசி மூடியைப் பல்லால் கவ்வி இழுக்கிறாள். அப்படியே உன் தூக்குப் பல்.

போன வாரம் என் மணிக்கட்டுத் தழும்பைத் தடவி, "இது இன்னா ஆயா?" என்றாள்.

நாய் கடித்தது என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை, சம்பந்தி.