முப்பத்தோராம் திகதி ஸ்டஃபிங்

டிச. 28, ஞாயிறு

மைனஸ் ஒன்பது. எங்கள் புளொக் வாசல் முழுக்க ஐஸ். எங்கள் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இன்றைக்கு வழுக்காமல் கல்தூள் போட ஒருவருமில்லை போலும்.

வான்கோழி வாங்கியாயிற்று. ஆறு கிலோ, கல்லாய் உறைந்தது. பிரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்க அதற்கே. பால், தயிர், என் கத்தரிக்காய்க் கறி எல்லாம் பல்கனியில்.

வருடக் கடைசி நாள் சாப்பாடு எப்போதும் இவருடைய பொறுப்பு. இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் குசினியில் கோக்கியாய்ச் சமைத்த மனிசன். என்னை வெங்காயம் வெட்டவும் விடமாட்டார். இந்த முறை வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். இவருக்குத் தொண்டையில் கதிர்ச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம். நோய் போய்விட்டதாம். கூடவே ருசியும் போய்விட்டது. இவருக்கு இப்போது சீனியும் உப்பும் ஒன்று. திரும்ப வரலாம், வராமலும் விடலாம் என்கிறார் டொக்டர். நல்ல பதில்.

"ஓவனிலை ஒரு மீனை வைப்பம். துஷியும் எரிக்கும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றேன். துஷி எங்கள் மகள். எரிக் அவளுடைய நோர்வேக்காரக் கணவன். லோறென்ஸ்கூக்கிலிருந்து வருவார்கள்.

இவர் பேனையை எடுத்து லிஸ்ட் எழுதத் தொடங்கிவிட்டார்.

பழைய பாண் 2. வெங்காயம். செலரி. பச்சை அப்பிள் 4. கொத்திறைச்சி. பட்டர். தைம் இலை. ஈரல் பறவைக்குள்ளேயே இருக்கிறதாம்.

டிச. 29, திங்கள்

பார்ணஹாகேயில், நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில், இன்று ஏழு பிள்ளைகள்தான். நிம்மதி. திரும்பும்போது பஸ்ஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் இருவர், பின்சீட்டில்: "ஸ்டஃபிங்னா என்ன, நம்ம கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்கிற மாதிரியா?" "ஆமா, ஆனா கோழிக்குள்ள." சிரிப்பை அடக்கினேன். எங்கு போனாலும் இதே கதை!

வீட்டில் புகை அலாரம் அலறிக்கொண்டிருந்தது. இவர் ஒத்திகைக்கு ஒரு சட்டி ஸ்டஃபிங் கிளறியிருக்கிறார்.

"கொஞ்சம் நாக்கிலை வைச்சுப் பாருமன்."

"நான் இறைச்சி சாப்பிடுறேல்லை எண்டு தெரியும்தானே."

"ஒரு கரண்டி. அதுக்குள்ளை கொலஸ்ட்ரோல் ஏறாது."

மாட்டேன் என்றேன். சட்டியோடு கொண்டுபோய்க் குப்பைக்குள் கொட்டினார். பிறகு இரண்டாவது சட்டி. அதுவும் குப்பைக்குள். உப்பு எவ்வளவு என்று தெரியாமல் ஒருவருக்கும் கொடுக்க முடியாதாம். பாண் முடிந்துவிட்டது. கடைக்கு யார் போனது? நான்தான். ஐஸில் ஒரு வழுக்கல். முழங்கை வீங்கியிருக்கிறது.

டிச. 30, செவ்வாய்

காலை இவர் போனில் நோர்வேஜிய மொழியில் கதைத்தது கேட்டது. ஓம், திங்கட்கிழமை வருகிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று. வைத்ததும் கேட்டேன். ஹோட்டலில் ஒருநாள் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாளாக என்னிடம் மூச்சு விடவில்லை.

"சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? நாக்கில்லாத கோக்கி வேலைக்குப் போறான் எண்டோ? இதையாவது ஒழுங்காச் செய்யேலுமோ எண்டு பாக்கிறன். உப்புப் பாக்க வீட்டிலை ஒரே ஒராள். அந்தாளுக்குக் கொலஸ்ட்ரோல்!"

வாயில் வந்துவிட்டது. "கொலஸ்ட்ரோல் இல்லையப்பா. நேர்த்திக்கடன். நீங்கள் வருத்தம் மாறி எழும்பினால் இனி மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு முருகனுக்குச் சொன்னனான்."

கண் கலங்குவார் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"ஆரைக் கேட்டு வைச்சனீர்? நான் இறைச்சி சமைச்சு உழைக்கிற ஆள். எனக்காக இறைச்சியை விட்டவவாம்!"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். தொப்பி இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார், காது சிவந்து.

"இறைச்சி போடாமல் செய்வம். காளான் போடுவம். நீர் ருசி பாரும்."

பிறகு தொடங்கியது உண்மையான வதை.

"உப்பு?"

"காணும், போதும்."

"காணும் எண்டால்? சரியோ, ஒரு சிட்டிகை குறைவோ?"

"சரி."

"சரி எண்டு ஒரு ருசி இல்லையப்பா. நாக்கு நுனியிலை தெரியுதோ, விழுங்கினாப் பிறகோ?"

பதினொரு கரண்டி. ஒவ்வொன்றுக்கும் விசாரணை. உப்பைத் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதினார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. கடைசியில் ஒரு தட்டு எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார். மீதி நாளைக்குப் பறவைக்குள்.

டிச. 31, புதன்

வான்கோழி உள்ளே இன்னும் பனி. இளம் சுடுதண்ணீரை உள்ளே ஊற்றி, கையை விட்டு ஈரலைப் பிடுங்கினார். இருந்த பட்டர் போதவில்லை. கடை பூட்டுவதற்கு முன்பு மறுபடி நான்.

ஐந்து மணிக்குத் துஷியும் எரிக்கும். "அப்பா, ஸ்டஃபிங்குக்கை இறைச்சி எங்கை?" இவர் என்னைப் பார்த்தார். நான் கிழங்கைப் பார்த்தேன். எரிக் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டான். இவ்வளவு வருடத்தில் இதுதான் மிக நல்லது என்றான்.

"நோர்வேக்காரர் எதையும் நல்லம் எண்டுதான் சொல்லுவினம்" என்று இவர் தமிழில் முணுமுணுத்தார். இவருக்கு வாய் உலர்வதால் மசித்த கிழங்கும் குழம்பும் மட்டும்.

என் தட்டை நான் ரசித்துச் சாப்பிட்டேன். மேலே மொறுமொறு, கீழே பஞ்சு. காளான் வாசம். நல்லாயிருக்கு என்று சொன்னேன். "என்ன நல்லாயிருக்கு?" என்றார். கடவுளே.

ஜன. 1, வியாழன்

பனி கொட்டுகிறது. குசினிக்குள் போனால் இவர் பிரிட்ஜைத் திறந்தபடி நின்று, என் தட்டில் மிஞ்சிய ஸ்டஃபிங்கைக் குளிரக் குளிரத் தின்கிறார். முகம் சுளித்தபடி.

"ஆர் இவ்வளவு அப்பிள் போட்டது?"

"நீங்கள்தான். கொப்பியிலை கிடக்கு."

"கூடிப்போச்சு. புளிக்குது."

கையில் இருந்த கோப்பையைக் கழுவு தொட்டிக்குள் விட்டுவிட்டேன்.

"என்ன சொன்னனீங்கள்?"

"புளிக்குது எண்டுறன். காது கேக்கேல்லையோ?"

"உப்பு?"

"அது தெரியேல்லை. புளி மட்டும்." இன்னொரு கரண்டி. கண்ணை மூடிக்கொண்டு. "ஓம். புளிதான். செவ்வாய்க்கிழமை பதினொரு கரண்டி திண்டனீர், ஒருக்காலும் சொல்லேல்லையே! உமக்கு நாக்கோ, மரக்கட்டையோ?"

திட்டு நிற்கவில்லை. தட்டை இன்னும் கிட்டத் தள்ளி வைத்தேன்.