வால்வுக்கு ஆள் தேவை

12-6-06, திங்கள்
காலையிலிருந்தே தூறல். மத்திகிரி பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பால் கம்பெனியில் பால் ஓடி முடிந்ததும், பைப்பில் மிச்சம் நிற்கும் பாலைத் தண்ணீர் விட்டுத் தள்ளுவது என் வேலை. பைப்பில் ஓரிடத்தில் கண்ணாடி. அதில் பால் வெளுத்துத் தண்ணீர் தெரியத் தொடங்கியதும் வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்ப வேண்டும். பத்தாவது ஃபெயிலுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை.

இன்று புது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார்.
"என்னய்யா அவசரம்? நல்லா தண்ணியாவுற வரைக்கும் பால் டேங்குக்கே போவட்டும்."
"தண்ணி கலந்துரும் சார்."
"உன் வூட்ல பால் பாக்கெட்ட அலசி ஊத்தறதில்ல?"
ஊற்றுகிறோம்தான். ஆனாலும் கை வால்வைத் திருப்பியது, சாக்கடைக்கு.

13-6, செவ்வாய்
வெயில். கேஸ் புக் பண்ண வேண்டும்.
காலையில் வீட்டில் செல்வியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே: "ஏங்க, நான் அலசி ஊத்தறது நம்ம பாத்திரத்துல. குடிக்கறதும் நாமதான். அந்தாளு ஊரான் வூட்டுப் பாத்திரத்துல இல்ல ஊத்தச் சொல்றாரு?"
பஸ்ஸில் வழி முழுக்க அதையே மனப்பாடம் பண்ணினேன். சூப்பர்வைசர் முன்னால் பாதி மறந்தது. மீதியைச் சொல்லிவிட்டு மறுபடி சாக்கடைக்கே திருப்பினேன்.
"இந்த வாரம் பர்மனென்ட் லிஸ்ட்டு. ஞாபகம் இருக்கட்டும்."
இருக்கிறது. இரண்டு வருஷமாக அந்த ஞாபகம் மட்டும்தான்.

14-6, புதன்
என்னைப் பாக்கெட் அடுக்கும் கிரேட் கழுவப் போட்டார்கள். வால்வுக்கு மஞ்சுநாத். ஆனேக்கல் கன்னடப் பையன், போன மாசம்தான் கல்யாணம். "பேடாண்ணா, வம்பு நமக்கு வேணாம்" என்று எனக்கே புத்தி சொன்னவன். அவன் சாக்கடைக்குத் திருப்ப மாட்டான். அவன்மேல் கோபமும் இல்லை.
இடுப்பு போச்சு.
பாப்பா மடியில் உட்கார்ந்து முகர்ந்தாள். "அப்பா, இன்னிக்கு உம்மேல புளிச்ச வாடையே இல்ல!" பதவி இறங்கியதில் ஒரு லாபம்.

16-6, வெள்ளி
மறுபடி தூறல். குடை விஷயம் தெரிந்துவிட்டது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
லிஸ்ட் ஒட்டினார்கள். என் பேர் இல்லை. மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை பார்த்தேன். போகட்டும். வால்வில் நிறுத்தினால் நாளைக்கும் சாக்கடைக்குத்தான் திருப்புவேன்.
டீக்கு அப்புறம், பக்கத்தில் யாரோ கிரேட் தேய்க்கும் பிரஷ் எடுக்கும் சத்தம். மஞ்சுநாத்.
"டேய், நீ எங்கடா இங்க?"
"கண்ணாடியில வெளுத்துச்சுண்ணா. கை சும்மா இருக்கல."
சிரித்ததில் இடுப்பு இன்னும் பிடித்துக்கொண்டது.
வால்வில் இப்போது சூப்பர்வைசரே நிற்கிறாராம். எத்தனை நாள் நிற்பார்? வேறு ஆளை அனுப்பித்தானே ஆக வேண்டும். அனுப்பட்டும். இங்கே இன்னும் மூன்று பிரஷ் சும்மா கிடக்கிறது.