அண்ணே, தமிழை வேண்டாமென்றவள் நான்தான்

என் உயிருக்கு உயிரான அந்தோணி அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. ராயபுரம் வீட்டில் ரோசி அண்ணி நன்றாக இருக்கிறார். உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து உன் குரல் போனதும், எழுதினால் படித்துக் காட்டும் மென்பொருளை உனக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னேன். ரெடிமேடாகக் கிடைத்தது எதுவும் உன் பழைய லேப்டாப்பில் ஓடவில்லை. அதனால் மென்பொருளின் மூல நிரலை இறக்கி, அந்த மெஷினில் ஓடும் வடிவத்துக்கு நானே மாற்றினேன்; கம்பைல் செய்வது என்போம். எது வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் ஒரு பட்டியல் போட்டுக் கேட்கும். தமிழ்க் குரலை வேண்டும் என்றுதான் வைத்தேன். பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தமிழை வேண்டாம் என்று மாற்றினேன். தடையில்லாமல் முடிந்தது.

நீ ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாய். அது பேசியதைக் கேட்டு அண்ணி, "இன்னாடா இது, வெள்ளக்காரன் குட்ச்சிட்டு ஒளர்ற மாதிரி கீது" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. சிலேட்டில், "தமிழ் எப்ப வரும்?" என்று எழுதிக் காட்டினாய்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து போடறேண்ணே" என்றேன்.

எத்தனை ஞாயிறு போனது அண்ணே? அண்ணிக்குப் படிக்கத் தெரியாது, வீட்டில் நீங்கள் இருவர் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாதா? சிலேட்டை வைத்துக்கொண்டு அவரிடம் நீ எப்படிப் பேசியிருப்பாய்?

போன மாதம் அண்ணி லேப்டாப்பை என்னிடம் நீட்டினார். "இத்த எத்துகினு போம்மா. எம்மேல கோவமாவே பூட்டாரு. ஒரு நாளு நான் அவராண்ட கத்தினேன், அதுக்கு அப்பால மூஞ்சிய திருப்பிக்கினவருதான்."

அதைத் திறந்தேன். நீ தமிழ் எழுத்திலேயே தட்டி வைத்திருந்த ஒரு கோப்பு இருந்தது. படித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மறுபடி கம்பைல் செய்தேன். அன்று பிழை காட்டியதற்குக் காரணம், தமிழ்க் குரலுக்குத் தேவையான ஒரு சின்ன துணைத் தொகுப்பு விடுபட்டிருந்ததுதான். அதைப் போட்டு, தமிழ் வேண்டும் என்று மாற்றினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உன் வரிகளை அது படித்தது: "ரோசி, கோவம் இல்லம்மே. பதில் சொல்ல முடியல. அழுவ வந்துச்சு, அதான் அந்தப் பக்கம் திரும்பிக்கினேன்."

அண்ணி மூன்று முறை போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அவரு இருக்கசொல்லோ இத்த பேச வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

 

கொருக்குப்பேட்டையில் ஒருவருக்கு அடுத்த வாரம் இதே ஆபரேஷன். நேற்று போய் அவரைப் பார்த்தேன். மெஷினைத் தொடுவதற்கு முன், "யாராண்ட பேசணும்ணே?" என்று கேட்டேன். "எம் பொண்டாட்டியாண்டதான். வேற யாரு கீறா?" என்றார். மெஷின் தமிழ் பேசுவதை அவர் மனைவி காதால் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

இனி யாருக்குச் செய்தாலும் அப்படித்தான் எழுவேன் அண்ணே. இது சத்தியம்.

உன்னைப் பேசவிடாமல் செய்த,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
ஸ்டெல்லா