கப்பலுக்கு எந்த ஃபில்லர்?

மட்டக்களப்பு
04.03.2024

அன்பின் டல்சிக்கு,

கர்த்தர் காக்கிறார், உயிரோடு இருக்கிறேன். நீயும் மகள் டெனீஸும் பேரனும் சுகம்தானே?

பேரனின் முதல் பிறந்தநாளுக்கென்று நான் செய்யும் சின்ன மரக் கப்பல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பலகைகளுக்கு நடுவே எல்லாம் இடுக்கு. அதை அடைக்கக் காருக்குப் பூசும் புட்டியைப் பூசினேன். கல்லாக இறுகிவிட்டது, தேய்த்தால் பக்கத்து மரம்தான் கரைகிறது. மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசினேன். வாவிக் காற்றில் இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை. ஹலீமின் கடையில் டப்பாவில் விற்கும் வுட் ஃபில்லர் காய்ந்ததும் வெடித்தது. மெல்பேர்னில் நல்லது இருக்குமே, பார்த்து அனுப்பு. இருப்புக் கொள்ளவில்லை.

உன்
கிளரன்ஸ்


மெல்பேர்ன்
26.03.2024

அன்புள்ள கிளரன்ஸ்,

கடிதம் முழுக்கத் தேடினேன். "எப்போது வருகிறாய்?" என்று ஒரு வரி இல்லை. ஆறு மாதத்துக்கென்று வந்தவள், பதினொரு மாதமாகிவிட்டது. போனிலும் "ஓம், ஓம்" என்றுவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

கடைக்குப் போனேன். பெயின்ட் அடிப்பாரா, வார்னிஷா என்று கேட்டார்கள். பெயின்ட் என்றால் எந்த நிற ஃபில்லரும் சரியாம். வார்னிஷ் என்றால் மரத்தின் நிறத்திலேயே வேண்டுமாம். மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். தீக்குச்சி நுழையும் இடுக்கென்றால் எந்த ஃபில்லரும் நிற்காதாம்; மரச் சீவலைத்தான் செருக வேண்டும்.

நாற்பது வருஷம் மரத் தளபாடம் செய்தவர் நீங்கள். நீங்கள் பூட்டிய பலகைக்கு நடுவே நூல்கூட நுழையாதே. என்ன நடக்கிறது அங்கே?

டல்சி


மட்டக்களப்பு
19.04.2024

டல்சி,

தீக்குச்சி நுழையும். ஓரிடத்தில் பென்சிலே நுழையும்.

ஃபில்லரில் பிழையில்லை. உளி பிடித்தால் வலது கை நடுங்குகிறது. நீ போவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சூட்கேஸைத் தூக்கினால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்துதான் உன்னைப் பிளேன் ஏற்றிவிட வரவில்லை. நீ கோபித்துக்கொண்டு போனாய். போன கிழமைதான் டொக்டரிடம் போனேன். "ஐயா, இது நரம்பு வருத்தம். குளிசை போட்டாக் கட்டுப்படும், முழுசாச் சுகமாகாது" என்றார்.

மகளிடம் சொல்லாதே. அங்கே நீ சந்தோஷமாக இருக்கிறாய். வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கல்லடிப் பாலம் வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், கப்பலைப் பார்க்கிறேன், மறுபடியும் நடக்கிறேன். இதை எழுத மூன்று நாள் பிடித்தது.

கிளரன்ஸ்


மெல்பேர்ன்
08.05.2024

கிளரன்ஸ்,

மகளிடம் சொல்லிவிட்டேன். "மம்மி, உங்களிட்டச் சொல்லவே டடாக்கு ஒரு வருஷமா?" என்று அழுதாள்.

நானும் ஒன்றை மறைத்தேன். ஏற்றிவிடக்கூட வராத மனுஷனிடம் இனித் திரும்புவதில்லை என்று பெப்ரவரியில் முடிவெடுத்தேன். அதை எழுதி, உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டியாகிவிட்டது. அதற்குள் உங்கள் ஃபில்லர் கடிதம் வந்தது. பதில் எழுதினேன், அதற்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று பார்த்துவிட்டு அதை அனுப்புவோம் என்று வைத்திருந்தேன். நேற்று கிழித்துவிட்டேன்.

கப்பல் பிறந்தநாளுக்கு வராவிட்டால் பரவாயில்லை. குளிசையை விடாமல் போடுங்கள். ஜூன் 22ஆம் தேதி வந்திறங்குகிறேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் தனியாக வருவேன், யாரையும் அனுப்ப வேண்டாம். கோபம் ஆற எனக்கு அந்த எட்டு மணித்தியாலமும் வேண்டும்.

உங்கள்
டல்சி